சுண்ணாம்பு அடிக்கணும்

என் பிள்ளைகளே,

நீங்கள் மூன்று பேரும் செஞ்சியில் வளர்ந்தவர்கள். இந்த ஊரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் உங்களுக்கு மூக்கு சிவந்துவிடுகிறது. ஊர்ப் பாசம் இருக்க வேண்டியதுதான். ஆனால், "நைனா மட்டும் ஏம்மா எப்பப் பாத்தாலும் நம்ம ஊர இளக்காரமா பேசுது?" என்று நீங்கள் உங்கள் அம்மாவிடம் கேட்டதும், அவள் "அத உங்க நைனாவையே கேளுங்க" என்று எழுந்து போனதும் என் காதில் விழுந்தது. வாயால் சொன்னால் நடுவில் சண்டைக்கு வருவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் படித்தது கொஞ்சம். பிழை இருந்தால் சின்னவன் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நான் இந்த ஊருக்கு வெளிநாட்டில் இருந்து வந்தவன். சிரிக்காதீர்கள். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் ஆண்ட சீமை. செஞ்சி இங்கிலீஷ்காரன் ஆண்ட சீமை. கொடி வேறு, கோர்ட்டு வேறு, போலீஸ்காரன் தலையில் இருக்கிற தொப்பி வேறு. கப்பல் ஏறினவன்தான் வெளிநாட்டான் என்று எங்கே எழுதியிருக்கிறது? நான் கரி பஸ் ஏறினேன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் முதுகில் ஒரு அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் வண்டி ஓட்டினார்கள். திண்டிவனத்தில் மாறி ஏறினேன். அதற்கப்புறம் மேடு வந்த இடத்தில் எல்லாம் ஆண்களை இறக்கித் தள்ளச் சொன்னார்கள். ஆகையால் செஞ்சிக்கு நான் பஸ்ஸில் வந்தேன் என்பதைவிட பஸ்ஸைத் தள்ளிக்கொண்டு வந்தேன் என்பதுதான் சரி. வந்து இறங்கியபோது என் ஒரே வெள்ளைச் சட்டை கறுப்பாகியிருந்தது. பஸ் நின்ற இடத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "கரிக்கடைக்கு ஆள் வந்துட்டான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இந்த ஊர் எனக்குக் கொடுத்த வரவேற்பு அதுதான்.

நான் வந்தது மல்லாட்டை உடைக்கிற மில்லில், வேர்க்கடலைத் தோலை உரிக்கிற என்ஜினை ஓட்டுகிற வேலைக்கு. புதுச்சேரியில் நூல் ஆலையில் என்ஜின் கற்றுக்கொண்டேன். அங்கே வேலை போயிற்று. அப்போது உங்கள் அக்கா கைக்குழந்தை. உங்கள் அம்மாவும் குழந்தையும் என் மாமனார் வீட்டில் இருந்தார்கள். மாமனாருக்கு அங்கே சுருட்டுக் கடை. நான் கிளம்பும்போது அவர் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"மாப்ள, போயிட்டு வாங்க. ஒரு வீடு பாத்துட்டு வந்தீங்கன்னா பொண்ணையும் கொயந்தையையும் அனுப்பி வெக்கிறேன். தை பொறக்கறதுக்குள்ள வீடு கெடைக்கலன்னா சங்கடப்படாதீங்க. நம்ம கடையில ஒரு முக்காலி சும்மாதான் கெடக்குது."

எவ்வளவு மரியாதையான பேச்சு பாருங்கள். வீட்டோடு மாப்பிள்ளையாக அந்த முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவனுக்கு எல்லாம் சுருட்டுக் கட்டு எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் அவர் கையால் காப்பிக்குக் காசு வாங்க வேண்டும். அதற்கு அந்தக் கரி பஸ்ஸின் அடுப்பிலேயே விழுந்திருக்கலாம். ஆக எனக்கு ஒரு வீடு வேண்டும், தைக்குள் வேண்டும். வந்தது ஐப்பசி. ஒரு வீடு பிடிக்க அது போதாதா என்று நினைத்தேன். இந்த ஊரை அறியாதவனின் நினைப்பு.

மொழி ஒன்றுதானே, ஊர் எப்படி வெளிநாடு ஆகும் என்று கேட்பீர்கள். மொழி ஒன்றாக இருந்ததுதான் தொந்தரவே. பிரெஞ்சில் பேசியிருந்தால் புரியவில்லை என்று தெரிந்திருக்கும். இங்கே எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது.

முதலில் வழி. புதுச்சேரியில் வீதிகள் கோடு போட்ட மாதிரி இருக்கும். மூலைக்கு மூலை பலகை. கண் தெரிந்தவன் யாரையும் கேட்க வேண்டாம். இங்கே தபாலாபீஸ் எங்கே என்று கேட்டேன். "மலையண்ட போங்க" என்றார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் மூன்று மலை. எந்த மலை என்று கேட்டால், கேட்டவனைப் பைத்தியம் மாதிரிப் பார்க்கிறார்கள். "மலைங்க, மலை! தெரியலியா, அம்மாம் பெருசா நிக்குதே!" ஒவ்வொருத்தருக்கும் மனசில் ஒரு மலை. அது எதிராளிக்கும் தெரியும் என்று நினைப்பு. தபாலாபீஸ் கடைசியில் எந்த மலையண்டையும் இல்லை, பஜாரில் இருந்தது.

அப்புறம் தூரம். "இதோ இங்கதான்" என்றால் ஒரு மைல். "கொஞ்ச தூரம் போவணும்" என்றால் மாட்டு வண்டி தேவை. "தூரங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த இடத்துக்கு நான் இதுவரை போகவில்லை.

சாப்பாடு இன்னொரு தொல்லை. காலையில் மல்லாட்டைச் சட்னி. மத்தியானம் மல்லாட்டைக் குழம்பு. வாயில் போட்டு மெல்ல மல்லாட்டை. நாள் முழுக்க மில்லில் அதன் தூசியைத்தான் மூச்சாக இழுக்கிறேன், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் விடமாட்டேன் என்கிறது. கடல் மீன் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் என் மேல் இரக்கப்பட்டு ஏரிக் கெளுத்தியைக் கொண்டுவந்து வைத்தார். சேறு ருசி. "எப்பிடிங்க?" என்று பெருமையாகக் கேட்டார். "ஏரி நல்லா இருக்குது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் இன்னொரு துண்டு வைத்திருப்பாரா?

இவர்கள் கோட்டைப் பெருமையைப் பற்றி எழுதினால் தாள் போதாது. கோட்டையைக் கட்டினவன் போய்விட்டான், பிடித்தவன் போய்விட்டான், அவனிடமிருந்து பிடித்தவனும் போய்விட்டான். மிச்சம் இருக்கிறவர்கள் கடையில் உப்பு எடைபோடும்போதுகூட, "எங்க ஊரு கோட்டைய எவனாலயும் லேசுல புடிக்க முடியாது, தெரியும்ல?" என்கிறார்கள். யார் பிடிக்க வந்தார்கள்? எனக்கு வேண்டியது ஒரு அறையும் ஒரு சமையல் கட்டும். அதைப் பிடிப்பதுதான் கோட்டையைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மில் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வீடு தேடி அலைந்தேன்.

முதலில் பஜாரில் எண்ணெய்க்கடை வைத்திருந்தவரைப் பார்த்தேன். அவர் கடைக்குப் பின்னால் ஒரு வீடு காலியாக இருந்தது. உட்காரச் சொன்னார். வெந்நீர் மாதிரி ஒரு காப்பி கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். பேரைக் கேட்டார். என் பேர் எல்லா ஊரிலும் எல்லாரும் வைத்துக்கொள்கிற பேர். அதைக் கேட்டு அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். அப்புறம், "புதுச்சேரில எந்தத் தெரு?" என்றார்.

எங்கள் ஊரில் தெரு என்று சொல்வதில்லை, வீதிதான். நான் இருந்த வீதிக்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் பேர். நாக்கைச் சுருட்டி, மூக்கால் பாதி விட்டுச் சொல்ல வேண்டிய பேர். ஆசையோடு சொன்னேன். சரியாகச் சொல்லத் தெரிந்தவன் என்று மதிப்பார் என்று நினைத்தேன்.

"இன்னா? இன்னா சொன்னீங்க?"

திரும்பவும் சொன்னேன்.

"சாமி பேரா?"

"இல்லீங்க. வெள்ளைக்காரத் தளபதி."

"அது சரி. அங்க யாரு யாரு இருக்காங்க?"

"எதிர்வீட்டுல ஒரு பென்ஷன்காரர். பக்கத்துல ரொட்டிக்கடை. மூலையில ஒரு டாக்டர்" என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் பெருமூச்சு விட்டு, "வீடு இருக்குது. ஆனா சுண்ணாம்பு அடிக்கணும். அடிச்சிட்டுச் சொல்லி அனுப்பறேன்" என்றார். எனக்கு எவ்வளவு சந்தோஷம்! சுத்தமான மனிதர், அழுக்கு வீட்டைக் கொடுக்க மனசில்லை என்று நினைத்து, அன்றைக்கே உங்கள் அம்மாவுக்குத் தபால் போட்டேன்.

சொல்லி அனுப்பவில்லை. கார்த்திகை பிறந்தது. அந்த வீட்டில் வேறு யாரோ குடிவந்து கோலம் போட்டிருந்தார்கள். சுவரில் பழைய அழுக்கு அப்படியே இருந்தது. இரண்டாவது வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர். படித்தவர், வேறு மாதிரி இருப்பார் என்று போனேன். வேறு மாதிரிதான் இருந்தார், "தாங்கள் வசித்த தெரு?" என்று இலக்கணமாகக் கேட்டார். அதே பேரைச் சொன்னேன். அவரும் சுண்ணாம்பு அடிக்கணும் என்றார். மூன்றாவது ஆளும் சுண்ணாம்பு. இந்த ஊரில் இத்தனை காலி வீடு, அத்தனைக்கும் சுண்ணாம்பு பாக்கி. சுண்ணாம்பு அடிக்கிறவனுக்குப் பஞ்சம் போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மில்லில் மல்லாட்டைப் பருப்புப் பொறுக்குகிற ஒரு அம்மாள் இருந்தாள். கோட்டைக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் இருந்து நடந்து வருகிறவள். வாய் சும்மா இருக்காது. நான் என்ஜினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால் அங்கிருந்தே சத்தம் போடுவாள்.

"இன்னா டிரைவரே, உங்க ஊடு காஞ்சிருச்சா?"

"இன்னும் அடிக்கவே இல்லம்மா."

"மழ உடட்டும். மழ உட்டா பனி. பனி உட்டா வெயிலு. வெயில்ல அடிச்சா வெடிச்சிரும்ல?" என்பாள். மற்றப் பெண்கள் முறத்தை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். நானும் கூடவே சிரிப்பேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

மார்கழியும் வந்துவிட்டது. மாமனாரிடமிருந்து ஒரு தபால். குழந்தை தவழ்கிறது என்றும், கடைக்கு வர்ணம் அடித்தாயிற்று, முக்காலிக்கும் சேர்த்துத்தான் என்றும் எழுதியிருந்தார்.

அப்போதுதான் நாலாவது வீட்டைப் பார்த்தேன். அவலூர்ப்பேட்டை ரோட்டில் நிலம் வைத்திருந்த ஒரு பெரியவருடையது. அவரும் அவர் சம்சாரமும் பெரிய வீட்டில் இருந்தார்கள். ஒட்டினாற்போல இன்னொரு சின்ன வீடு, பூட்டிக் கிடந்தது. இரண்டுக்கும் பொதுவாகப் பின்கட்டில் கிணறு. நல்ல தண்ணீர். அவரும் எந்தத் தெரு என்றார். நானும் சொன்னேன். அவரும் சுண்ணாம்பு அடிக்கணும் என்றார்.

எனக்கு நாள் இல்லை. ஆள் கிடைக்காததுதானே தடை, நாமே அடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, காளவாயில் இருந்து ஒரு கூடை கல் சுண்ணாம்பு வாங்கினேன். எங்கள் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு பால் மாதிரி இருக்கும். இது சாம்பலுக்குத் தம்பி. இருக்கிற ஊரில் இருப்பதுதானே கிடைக்கும். தென்னை மட்டையின் நுனியை நசுக்கி நாராக்கிக்கொண்டேன். பெரிய பானை ஒன்று, ஏணி ஒன்று இரவல் வாங்கினேன். எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தச் சின்ன வீட்டு வாசலில் இறக்கினேன். தண்ணீர் வேண்டுமே என்று பின்கட்டுக்குப் போய்க் கயிற்றில் கை வைக்கப் போனேன்.

"இருங்க! இருங்க! நாங்களே சேந்தி ஊத்தறோம்!" என்று பெரியவர் துண்டு நழுவ ஓடிவந்தார். அவர் சம்சாரம் வந்து இறைத்து, என் பானையில் மேலே இருந்து ஊற்றினாள். விருந்தாளிக்கு என்ன உபசாரம் என்று மனசு குளிர்ந்து போனேன்.

சுண்ணாம்பு தண்ணீர் பட்டதும் சீறிக்கொண்டு கொதித்தது. புகை கிளம்பியது. அந்தச் சத்தத்துக்கு நாலு வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரியவர் அப்போதுதான் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா டிரைவரே இது?"

"சுண்ணாம்புங்க அய்யா. அடிக்கணும்னீங்களே."

"அடிக்கணும்னு சொன்னேன். உங்கள வந்து அடிக்கச் சொன்னனா?"

"ஆள் கெடைக்கல போலன்னு நெனச்சேங்க. ஒரு நாள் வேலதானே."

கூட்டத்தில் ஒருவர், "எங்கூட்லயும் அடிக்கணும் டிரைவரே, போன மாசம் உங்ககிட்ட சொன்னனே!" என்றார். அது என்னைத் திருப்பி அனுப்பிய மூன்றாவது வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், "யோவ், இந்தாளு சுண்ணாம்புன்னா சுண்ணாம்புன்னே நெனச்சிக்கினு வந்துட்டான்யா!" என்று தொடையில் தட்டினார். சுண்ணாம்பு சுண்ணாம்பு இல்லாமல் வேறு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. பானையைக் கிளறிக்கொண்டே நின்றேன்.

பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சரி என்றால் நான் குடிவருவேன். ஆனால் பானையில் நீர்த்த சுண்ணாம்பு இருக்கிறது, பொங்கல் வேறு வருகிறது, கூலி இல்லை. கடைசியில் ஓசிச் சுண்ணாம்புதான் ஜெயித்தது.

"சரி, அடிங்க. சமையல் கட்டுக்குள்ள மட்டும் போவாதீங்க. அத நாங்க அடிச்சிக்கறோம்."

நாள் முழுக்க அடித்தேன். பெரியவர் வீட்டு முன்சுவரும் பங்கமாக இருக்கிறதே என்று அந்த அம்மாள் சொன்னதால் அதையும் அடித்தேன். என் கை வெந்து, தோல் உரிந்தது. சாயங்காலம் பெரியவர் சுவரை ஒரு தடவை சுற்றிப் பார்த்து, தலையை ஆட்டி, "ரொம்ப நல்லா இருக்குது. காயணும். காஞ்சதும் சொல்லி அனுப்பறேன்" என்றார்.

மறுநாள் மில்லில் அந்தப் பருப்புப் பொறுக்குகிற அம்மாள் என் கையைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"நெசமாவே அடிச்சிட்டியா டிரைவரே? அய்யோ! சுண்ணாம்பு அடிக்கணும்னா ஊடு இல்லன்னு அர்த்தம். உனக்கு யாரும் சொல்லலியா?"

"இல்லன்னா இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"மொகத்துக்கு நேரா எப்பிடிச் சொல்லுவாங்க? நீ என்ஜின் டிரைவரு. சட்ட போட்டிருக்கற. நீ எந்த ஆளுன்னு தெரியாது. தெரிஞ்சா சேக்கலாம், இல்ல வெரட்டலாம். அதுக்குத்தான் எந்தத் தெருன்னு கேக்கறது. தெருவச் சொன்னா ஆளச் சொன்ன மாரி. நீ இன்னான்னா வெள்ளக்காரன் பேர வாயில போட்டுக் கொதப்பற. அவங்க இன்னா பண்ணுவாங்க?"

எனக்குக் காது சூடாயிற்று. இரண்டு மாசமாக நான் ரொட்டிக்கடையும் டாக்டரும் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"உங்கள எல்லாம் இப்பிடிக் கேக்கறாங்களா?" என்றேன்.

"எங்கள எதுக்குக் கேக்கறாங்க? பாத்தாலே தெரியும். எங்களுக்கு சுண்ணாம்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. அந்தாண்ட போன்னுதான்" என்றாள். அப்புறம் முறத்தைப் புடைத்துக்கொண்டே, "ஏன், உங்க ஊர்ல கேக்க மாட்டாங்களா?" என்றாள்.

நான் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு என்ஜினுக்குத் திரும்பினேன். புதுச்சேரியில் என்னை யாரும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் அங்கே நியாயம் கொழித்தது அல்ல. அங்கே என்னை எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். என் மாமனார் கடையில் புது ஆள் கடன் கேட்டால், "தம்பி எந்தப் பக்கம்?" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பக்கம் நின்றே பழகியிருந்தேன். பதில் சொல்கிறவன் பக்கம் நிற்க வைத்ததால்தான் செஞ்சி எனக்கு வெளிநாடு ஆனது. கொடியாலும் தொப்பியாலும் அல்ல.

அன்று சாயங்காலம் நேரே பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யா, செவுரு காஞ்சிருச்சு. தொட்டுப் பாத்தேன்."

"உள்ளுக்குள்ள ஈரம் இருக்கும் டிரைவரே."

"இருக்கட்டும். நான் பாய் போட்டுப் படுத்துக்கறேன், ஒடம்பு சூட்டுல காஞ்சிரும்."

அவர் வைக்கோலைக் கீழே போட்டார். "நான் ஒண்ணு கேக்கறேன். கோவிச்சிக்கக் கூடாது. நீங்க எந்தத் தெருன்னு இன்னும் வெளங்கற மாரி சொல்லவே இல்லியே?"

"இந்தத் தெருங்க" என்றேன். "நேத்து முழுக்க இந்தத் தெருவுலதானே சுண்ணாம்பு அடிச்சேன்."

பெரிய சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைத்தேன். அவர் அசையவே இல்லை. "அது தெரியும். அதுக்கு முன்ன?" என்றார்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே வீடு, கிணறு, சமையல் கட்டு எல்லாம் திறந்திருக்கலாம். அல்லது அந்த நிமிஷமே நான் வெளியே நின்றிருக்கலாம். எது என்று உங்களுக்கும் எழுதப்போவதில்லை. உங்கள் அம்மாவைக் கேட்டாலும் சொல்ல மாட்டாள். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. இல்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்லத் தைரியம் இல்லாமல் சுண்ணாம்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற இந்த ஆளிடம் என் பாட்டன் பேரைக் கொண்டுபோய்க் காட்டிச் சீட்டு வாங்க என்னால் முடியாது. முக்காலி கண்ணுக்கு முன்னால் நின்றது. நின்றாலும் முடியாது.

"அதுக்கு முன்ன கிடங்குல இருந்தேங்க. மல்லாட்ட மூட்டைக்குப் பக்கத்துல" என்றேன்.

உள்ளே இருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது. "கைக்கொயந்த இருக்குதாமே?"

"ஆமாம்மா. தவழுது."

"பொண்ணா?"

"பொண்ணுதாம்மா."

பெரியவர் மாட்டைப் பார்த்தார், மாடு என்னைப் பார்த்தது. அப்புறம் அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் இருந்தே தீர்ப்பு சொன்னாள்.

"வரட்டும். செவுத்த அந்த ஆம்பள தன் கையாலயே அடிச்சிக் குடுத்திருக்குது. அந்தப் பொண்ணு வந்து சமச்சி சாப்டட்டும். கெணத்துல மட்டும் கை வெக்க வேணாம். கொடத்தக் கொண்டாந்து வெச்சா நான் சேந்தி ஊத்தறேன்."

அவள் அதைப் பெரிய மனசோடு சொன்னாள். அவளுக்கு அது பெரிய மனசுதான். அவள் குரலில் சூது இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. உங்கள் அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்த அம்மாள் தூங்கி எழுந்து வரும்வரை கிணற்றுக்கு நாலடி தள்ளி நிற்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. புதுச்சேரியில் வீதிக் குழாயில் சண்டை போட்டு முதல் குடம் பிடிக்கிறவள் உங்கள் அம்மா.

"சரிங்கம்மா" என்றேன். வீடு வேண்டியிருந்தது.

பெரியவர் சாவியைக் கொடுத்தார். கையில் கொடுக்கவில்லை, வாசற்படியில் வைத்தார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். "தெருவ அப்பறமா யோசிச்சிச் சொல்லுங்க" என்றார். யோசித்துச் சொல்வதற்கு அவர் என்ன விடுகதையா போட்டார்?

மில்லில் பருப்புப் பொறுக்குகிற அம்மாளிடம் சாவியைக் காட்டினேன். "கெணறு?" என்றாள் முதல் வார்த்தையாக. நான் சாவியை மடியில் செருகியதைப் பார்த்து, "அதான பாத்தேன்" என்று திரும்பப் பருப்புப் பொறுக்கப் போய்விட்டாள்.

மாமனாருக்குத் தபால் போட்டேன். வீடு கிடைத்தது, கிணறு உண்டு, தண்ணீர் நல்லது என்று எழுதினேன். எல்லாம் உண்மைதான். வெள்ளிக்கிழமை புறப்பட்டு வந்து அழைத்துப்போகிறேன் என்றும் எழுதினேன். வெள்ளிக்கிழமை செஞ்சியில் சந்தை. ஆடு மாடு வாங்க விற்கச் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்துவிடும், மில்லில் பாதி ஆள் இருக்காது. முதலாளி எனக்கு லீவு கொடுத்தார்.

அன்று காலை அந்தச் சின்ன வீட்டைப் பெருக்கி, பாயைச் சுருட்டி வைத்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் பஜாரில் வாங்கிய இரண்டு மண் குடங்களை வைத்தேன். காலிக் குடங்கள். பெரியவரும் அவர் சம்சாரமும் ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டிருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

பின்கட்டுக்குப் போனேன். வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. வாளியை இறக்கி ஒரு வாளி இறைத்தேன். அதிலேயே முகம் கழுவி, குடித்தேன். அப்புறம் குடங்களைக் கொண்டுவந்து இரண்டையும் கழுத்துவரை நிரப்பி, உள்ளே வைத்துத் தட்டு போட்டு மூடினேன். அந்த அம்மாள் எப்போதும் கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டி வைப்பாள். நான் சுற்றவில்லை. ஈரத்தோடு ராட்டினத்தில் தொங்கவிட்டு, வாளியைக் கிணற்றுச் சுவர் மேல் வைத்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தேன்.